கைம்பெண்ணை மறந்த கருணை

ஏழை நாட்டுக் குழந்தை ஒன்றைத் தத்தெடுத்துக் கொண்டுபோய் வளர்ப்பதைவிட மேலான அறம் உண்டோ என்று கேட்போர் நம்மிடையே பலர். உண்டு என்பேன். அக்குழந்தை தன் தாயின் மடியிலேயே வளர வழி செய்வது அதனினும் மேலான அறம். முன்னதற்குப் புகைப்படம் உண்டு, பாராட்டு உண்டு, கண்ணீர் மல்கும் சாட்சியம் உண்டு. பின்னதற்கு இவை எதுவும் இல்லை. அதனால்தானோ என்னவோ, கிறித்தவ உலகம் முன்னதை விரும்பிச் செய்தது, பின்னதை மறந்தது. இந்த மறதி என்ன விளைவித்தது என்பதை அறிய எத்தியோப்பியாவின் தலைநகரான அடிஸ் அபாபாவைப் பார்த்தால் போதும்.

நம் உதகையைவிட உயரமான மேட்டுநிலத்தில் அமைந்த நகரம் அது. 1886-ஆம் ஆண்டில், மெனெலிக் மன்னரின் காலத்தில், அரசி தைத்துவின் விருப்பப்படி வெந்நீர் ஊற்றுகளுக்கு அருகே எழுந்தது. 'புதிய மலர்' என்பது பெயரின் பொருள். 1963-இல் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு தோன்றியதும் இங்கேதான். இன்று ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைமையகம் இருப்பதும் இங்கேதான். 1896-இல் அத்வா போர்க்களத்தில் இத்தாலியப் படையைத் தோற்கடித்த மக்களின் தலைநகர் இது.

இந்நகருக்கு 2000-க்குப் பிறகு ஒரு புது வகை விருந்தினர் வரத் தொடங்கினர். அவர்கள் அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் குழந்தை தேடி வந்த தம்பதியர். முதற்பயணம் நீதிமன்றத்துக்காக, அடுத்த பயணம் தூதரகத்தின் விசாவுக்காக என்று இருமுறை வந்தோர் பலர். தம்மைப் போன்றோரே நிறைந்த விடுதிகளில் தங்கினார்கள். காலையில் குழந்தைகள் இல்லம், மாலையில் மெர்க்காத்தோ சந்தை, இடையில் மின்வெட்டு; சாலையில் ஆட்டு மந்தை, சன்னலோரம் கையேந்தும் சிறுவர். அவர்கள் எழுதிய குறிப்புகளில் அந்நகரம் பெரும்பாலும் இவ்வளவே. வறுமை என்னும் பெரிய காத்திருப்பு அறை. அதிலிருந்து ஒரு குழந்தையையேனும் கரையேற்றிவிட்டோம் என்னும் நிறைவு.

அந்நகரின் அன்றாட வாழ்வோ வேறு. நீலமும் வெள்ளையும் பூசிய சிற்றுந்துகளின் வாயிலில் நின்று ஊர்ப்பெயர்களைக் கூவும் இளைஞர்கள். நடைபாதையில் காலணி துடைத்துப் பள்ளிக்கட்டணம் சேர்க்கும் சிறுவர்கள். எந்தோத்தோ மலையிலிருந்து தைல மர விறகை முதுகில் சுமந்து இறங்கும் பெண்கள். தெஃப் மாவைப் புளிக்கவைத்துச் சுட்ட இஞ்சராவை ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து பகிர்ந்துண்ணும் வீடுகள் அங்கே உண்டு. விருந்தினருக்குக் காப்பிக்கொட்டையை அவர் கண்முன்னே வறுத்து, இடித்து, மூன்று சுற்று வழங்குவார்கள். மூன்றாம் சுற்றின் பெயர் 'பரக்கா', அதாவது ஆசி. நம் முன்னோர் நாழிகையைக் கதிரவன் எழுச்சியிலிருந்து எண்ணியதுபோல் அவர்கள் இன்றும் மணியை விடியலிலிருந்தே எண்ணுகிறார்கள். நாம் ஏழு மணி என்பது அவர்களுக்கு ஒரு மணி. திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமையில் நம் ஆண்டவர் எண்ணிய கணக்கும் அதுவே. வந்தவர்க்கு இது வேடிக்கையாகப் பட்டது. ஆனால் அந்த வீடுகளுக்குள் ஒரு முழு வாழ்வு இருந்தது; உறவு இருந்தது; பெயர் சொல்லி அழைக்கப் பாட்டி இருந்தாள்.

வந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். பெரும்பாலோர் செபித்து, சேமித்து, கடன்பட்டு வந்தவர்கள். நான் வாதிடுவது அவர்களது உள்ளத்தோடு அன்று. அந்த உள்ளத்தைப் பயன்படுத்திக்கொண்ட ஏற்பாட்டோடும், அதற்குத் திருநீறும் திருத்தைலமும் பூசிய சமய மொழியோடும்தான் என் வாதம்.

கணக்கைப் பாருங்கள். எத்தியோப்பியாவிலிருந்து அமெரிக்காவுக்குத் தத்துச் சென்ற குழந்தைகள் 2004-இல் முந்நூறுக்குள்ளே இருந்தனர். 2010-இல் அந்த எண்ணிக்கை சுமார் 2,500 ஆயிற்று. ஆறே ஆண்டுகளில் அநாதைகள் எட்டு மடங்காகப் பெருகினரா? இல்லை. 2005-இலிருந்து எய்ட்ஸ் நோய்க்கான மருந்து அந்நாட்டில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. சாக இருந்த தாய்மார் வாழத் தொடங்கிய காலம் அது. பெருகியது அங்குள்ள தேவை அன்று, வெளியிலிருந்து வந்த வேட்கை. 2007-இல் சீனா தன் விதிகளை இறுக்கியது. முறைகேடுகள் மலிந்த குவாத்தமாலா 2008 தொடக்கத்தில் புதிய விண்ணப்பங்களுக்குக் கதவடைத்தது. அங்கே அடைபட்ட வெள்ளம் இங்கே பாய்ந்தது. ஒரு தத்துக்கு 20,000 டாலருக்கு மேல் கைமாறியது. அந்நாட்டில் ஒருவரின் ஆண்டு வருமானமோ அப்போது சராசரியாக 400 டாலரைக்கூட எட்டவில்லை. இப்படிப்பட்ட சரிவில் பணம் உருண்டால் அது குழந்தைகளைத் தேடிக்கொண்டு ஊர்ப்புறம் போகாதா? போயிற்று. தெற்கே வொலாய்தா, ஹடியா முதலிய பகுதிகளின் குடிசை வாசல்வரை போயிற்று.

2011 மார்ச்சில் எத்தியோப்பிய அரசு விழித்துக்கொண்டது. நாளொன்றுக்கு ஐம்பது வரை பார்த்துவந்த கோப்புகளை ஐந்தாகக் குறைத்தது. 2018 சனவரியில் அந்நாட்டு நாடாளுமன்றம் வெளிநாட்டுத் தத்தையே தடை செய்தது. இதற்கிடையே, தத்தெடுத்த பெற்றோரின் கொடுமையால் அமெரிக்காவில் ஓர் எத்தியோப்பியச் சிறுமி 2011-இல் குளிரிலும் பட்டினியிலும் இறந்தாள். 2013-இல் அப்பெற்றோர் தண்டிக்கப்பட்டனர். ஆனால் என் வழக்கை அந்தக் கொடுமையின்மேல் கட்ட நான் விரும்பவில்லை. ஆயிரக்கணக்கான வீடுகள் அன்பு நிறைந்தவையே. அன்பு நிறைந்த வீடு என்பதாலேயே, குழந்தையை அங்குக் கொண்டுவந்த வழி நேர்மையாகிவிடுமா என்பதே என் வினா.

வழி எங்கே கோணியது? ஒரு சொல்லில் கோணியது. ஒரோமோ மக்களிடையே 'குதிஃபெச்சா' என்றொரு தொன்மையான வழக்கம் உண்டு. பிறர் பிள்ளையை உரிமைப் பிள்ளையாக ஏற்று, தம் பிள்ளைகளுக்கு நிகராக வளர்ப்பது அது. ஆயினும் பெற்றவளின் உறவு அங்கே அறுவதில்லை. வெளிநாட்டுத் தத்தையும் அதே சொல்லால் சுட்டினார்கள். பிள்ளை படித்து ஆளாகித் திரும்பி வரும், கடிதம் வரும், நம் குடும்பத்துக்கும் ஒரு கை நீளும் என்று நம்பிக் கையெழுத்திட்ட தாய்மார் பலர். சட்டத்தின் மொழியிலோ, அந்தக் கையெழுத்து அவளைத் தாயல்லாதவள் ஆக்கிவிட்டது. அவள் கொடுத்தது ஒன்று. அவர்கள் பெற்றது வேறொன்று.

நம் சொல்லையும் சற்று ஆராய்வோம். அநாதை என்றால் நாதன் அற்றவர், காக்க ஒருவரும் இல்லாதவர். ஐ.நா. குழந்தைகள் நிதியமோ தாய், தந்தை இருவரில் ஒருவரை இழந்த பிள்ளையையும் அநாதை என்றே கணக்கிடுகிறது. 2015-இல் அந்தக் கணக்கு உலகம் முழுவதும் ஏறத்தாழ 14 கோடி. அவர்களுள் இருவரையும் இழந்தவர் ஏறத்தாழ ஒன்றரைக் கோடியே. எஞ்சியோருக்குத் தாயோ தந்தையோ உண்டு. ஆனால் மேடையில் முழங்கியது 14 கோடி. கேட்டவர் மனத்தில் எழுந்தது தொட்டிலில் தனியே அழும் குழந்தை!

திருத்தூதர் யாக்கோபின் மடல், அநாதைகளையும் கைம்பெண்களையும் அவர்கள் துன்பத்தில் கவனிப்பதே மாசற்ற சமய வாழ்வு என்கிறது. தத்து இயக்கத்தின் கொடியில் எழுதப்பட்டது இவ்வசனமே. ஆனால் வசனத்தின் பாதியை மட்டுமே எழுதினார்கள்! திருமடல் இருவரையும் ஒரே மூச்சில் சொன்னது ஏன்? பெரும்பாலும் அவ்விருவரும் ஒரே வீட்டில் இருப்பவர்கள் என்பதால்தான். அந்த அநாதையின் தாயே அந்தக் கைம்பெண். பிள்ளையை எடுத்துக்கொண்டு தாயைக் குடிசையில் விட்டுவந்தவர்கள், இறைவன் இணைத்த இரு சொற்களைப் பிரித்துவிட்டார்கள்.

நைல் நதியில் மிதந்த மோசேயைப் பார்வோனின் மகள் எடுத்து வளர்த்தாளே என்பர். ஆம், அங்கே நிகழ்ந்ததை முழுவதும் வாசியுங்கள். பாலூட்டி வளர்க்கும் பொறுப்பு பெற்ற தாயிடமே சென்றது. அதற்குக் கூலியும் அரண்மனையிலிருந்தே வந்தது. அறிந்தோ அறியாமலோ அந்த இளவரசி செய்ததையே நான் கேட்கிறேன். ஏழைத் தாய்க்குப் பொருள் கொடுங்கள், அவளே வளர்க்கட்டும். ஒரு தத்துக்குச் செலவான பணத்தைக் கொண்டு அப்படி எத்தனைத் தாய்மாரைத் தாங்கியிருக்கலாம் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

'உண்மையிலேயே யாரும் இல்லாத குழந்தை என்ன செய்யும்?' நேர்மையான கேள்வி. அப்படிப்பட்ட குழந்தைக்குத் தத்து ஓர் அருள். அதை நான் மறுக்கவில்லை. 1993-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை ஓர் ஒழுங்கைத் தருகிறது. முதலில் பெற்ற குடும்பம். இயலாவிடில் அதே நாட்டில் ஒரு குடும்பம். அதுவும் இயலாதபோதே அயல்நாடு. எத்தியோப்பியாவில் இந்த வரிசை தலைகீழாயிற்று. அதனால் வந்த தடையால் உண்மையான அநாதை சிலரும் இல்லங்களிலேயே தங்க நேரலாம். அப்பழி தடை விதித்தவர்மேல் மட்டும் விழாது. தடைக்குக் காரணமானவர்மேலும் விழும்.

இது ஒரு நாட்டின் கதையும் அன்று. 2007-இல் 'சோயியின் பேழை' என்ற பிரெஞ்சு அமைப்பினர், தார்ஃபூர் அநாதைகள் என்று சொல்லி 103 குழந்தைகளைச் சாடு நாட்டிலிருந்து விமானத்தில் ஏற்ற முயன்று பிடிபட்டனர். பெரும்பாலான குழந்தைகள் சாடு நாட்டினரே. அவர்களுக்குப் பெற்றோரும் இருந்தனர். வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொன்ன பேழை, நிலத்தில் நின்றவர்களை வாரிக்கொண்டது! நம் சென்னையிலும் குடிசைப் பகுதிகளில் கடத்தப்பட்ட பிள்ளைகள் பொய் ஆவணங்களோடு நெதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தத்தாக அனுப்பப்பட்டது 2005-இல் அம்பலமாயிற்று. தன் பிள்ளை தொலைவில் வேறு பெயரோடு வாழ்வதை அறிந்த தமிழ்த் தாயின் வேதனை, வொலாய்தாவின் தாய்க்கு வேறாக இருக்குமா?

ஆகவே, இறைமக்களே, அநாதை இல்லத்திற்கென்று உண்டியல் வரும்போது கேளுங்கள்: இங்குள்ள பிள்ளைகளுள் தாய் உள்ளவர் எத்தனை பேர்? அவள் எங்கே இருக்கிறாள்? இல்லத்துக்குச் செலவாகும் தொகையில் ஒரு பகுதி அவள் கைக்குப் போனால் பிள்ளை வீட்டிலேயே இருக்க முடியாதா? உலகெங்கும் இல்லங்களில் வாழும் குழந்தைகளுள் ஐவரில் நால்வருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பதாக 2009-இல் 'சேவ் த சில்ட்ரன்' அமைப்பு அறிவித்தது. இக்கேள்விகள் கேட்பவரைக் கஞ்சர் என்று யாரேனும் சொன்னால் சொல்லட்டும். சாலமோன் அரசனின் முன் இரு பெண்கள் நின்றபோது, அவன் ஞானம் குழந்தைக்கு வசதியான வீடு எது என்று ஆராயவில்லை. தாய் யார் என்றே தேடியது. தேடிக் கண்டபின் குழந்தையை அவள் கையில் கொடுத்தது.