கடுங்கோப்பியும் கள்ளின் மயக்கமும்

பனைகள் பாளை தள்ளும் காலத்தில், கனகராயன்குளத்திலும் அதனைச் சூழ்ந்த வன்னிக் கிராமங்களிலும், இறக்கிவைத்த கள்முட்டியின் விளிம்பில் மொய்க்கும் சின்னஞ்சிறு ஈக்களைக் கையால் விசுக்கிவிட்டு நம் காரியத்தைப் பார்ப்பதே வழக்கம். சுண்ணாம்பு பூசாத முட்டியில் மதுவம் பெருகிச் சீனியை மதுசாரமாக மாற்றத் தொடங்கியதும் அந்த வாசனையை நாடி வந்து சேரும் இப் பழ ஈ, நூறாண்டுகளுக்கு மேலாக விஞ்ஞானிகளின் ஆய்வுகூடத்தில் வளர்ந்து, 1933, 1995, 2017 முதலிய ஆண்டுகளின் நோபல் பரிசுகளுக்கு ஆதாரமாக நின்ற பிராணி என்பதை நம்மிற் பலர் அறியார்.

139,255 நரம்புக் கலங்களே கொண்ட அதன் மூளை, மதுவுக்கு ஆட்படும் விதத்தில் நம் மூளையை வியக்கத்தக்கவாறு ஒத்திருக்கிறது. மதுசார ஆவி பட்டவுடன் ஈ முதலில் பரபரப்புற்று ஓடும், பின்னர் தள்ளாடும், இறுதியில் உணர்விழந்து விழும். எளிதில் மயங்கிவிடும் ஈக்களை 1998இல் ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானிகள், கலத்தினுள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் பதார்த்தத்தின் வழியிலே குறைபாடு இருப்பதைக் கண்டனர். அதே பதார்த்தத்தைச் சிதைக்கும் நொதியங்களைத் தடைசெய்யும் இயல்பு கோப்பியிலுள்ள கஃபீனுக்கு உண்டு. மதுவும் கோப்பியும் ஈயின் மூளையில் ஒரே பாதையில் சந்திக்கின்றன. கஃபீன் ஊட்டப்பெற்ற ஈ மதுவாவியில் அத்துணை விரைவில் மயங்குவதில்லை என்றும் கண்டறியப்பட்டிருக்கிறது.

ஈயிடம் கண்டதை அப்படியே மனிதன்மேல் ஏற்றுதல் முறையன்று. நம்மில் கஃபீன் முக்கியமாக அடினோசின் என்னும் சோர்வூட்டும் பொருளின் ஏற்பிகளை மறித்தே விழிப்பைத் தருகிறது. ஆயினும் விளைவு ஒன்றே: மயக்கம் மறைகிறது, மது அப்படியே இருக்கிறது. மதுவைச் சிதைப்பது ஈரல். அதன் வேகத்தை எத்தனை கோப்பை கடுங்கோப்பியும் கூட்டமாட்டாது.

இங்கேதான் நம் வீடுகளின் நல்லெண்ணம் ஆபத்தாக முடிகிறது. கலியாண வீட்டுக்கோ செத்த வீட்டுக்கோ வந்து குடித்துவிட்ட உறவினர் ஒருவர், இரவோடிரவாக ஏ-9 வீதியால் வவுனியாவுக்கோ மாங்குளத்துக்கோ மோட்டார் சைக்கிளிற் போகப் புறப்படும்போது, கடுங்கோப்பியோ வெறுந்தேத்தண்ணியோ ஊற்றிக் கொடுத்து, கண் திறந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று வழியனுப்புகிறோமே, அதனினும் கொடிய உபசாரம் வேறில்லை. தூங்கி விழுபவன் வண்டியை எடுக்கமாட்டான். விழித்திருக்கும் வெறிகாரன் எடுப்பான், தனக்கு ஒன்றுமில்லை என்றும் சாதிப்பான். கஃபீன் கலந்த மதுபானங்கள் பாதுகாப்பற்றவை என்று 2010 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நான்கு உற்பத்தியாளரை எச்சரித்ததும் இந்தக் காரணத்தாலேயே.

பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் தம் தவறணைகளிலும், வீதியோரத் தேநீர்க் கடைக்காரர் தம் கடை முகப்பிலும், கோப்பி வெறியைத் தீர்க்காது என்று ஒரு பலகை எழுதி மாட்டினால் பல குடும்பங்கள் காக்கப்படும் என்பது என் உறுதியான எண்ணம். வீட்டாரோ, திறப்பை வாங்கி வைத்துவிட்டு, பாய் விரித்து, மனிதரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, அருகில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். மிகுதியாகக் குடித்தவர் உடலில் விடிந்த பின்பும் மது எஞ்சியிருக்கக்கூடும் ஆதலால், காலையிலும் திறப்பைக் கொடுக்க அவசரப்படலாகாது.