கிழங்கு சுட முதல் சுவரைப் பாருங்கோ

எங்களில் ஒருத்தர் எயார் ஃப்ரையர் ஒண்டு வாங்கிக்கொண்டு வந்தார். பெட்டியின் மேல் ஒரு படம்: தோல் மொறுமொறுவென்று வெடித்து, உள்ளே மாவாய் மலர்ந்து, மேலே பட்டர் உருகி வழிகிற உருளைக்கிழங்கு. படத்தைப் பார்த்தே எங்களுக்குப் பசித்துவிட்டது.

வெள்ளவத்தையில் நாலு பேர் பகிர்ந்து இருக்கிற அனெக்ஸ் எங்களுடையது. குசினி எண்டால் ஒரு மேசை, ஒரு சிங்க், ஒரு பிளக். அந்தப் பிளக்கும் பழைய வட்டத் துளை. அடப்டர் போட்டுக் கொழுவினோம். கால் மணித்தியாலத்தில் பிளாஸ்டிக் கருகும் மணம். நிப்பாட்டிப் பார்த்தால், கிழங்கு பச்சை. சுட்டது சுவர்தான்.

வீட்டுக்காரர், “ஆர் உங்களை உதெல்லாம் வாங்கச் சொன்னது?” எண்டார். கடைக்காரர், “இதைவிடச் சின்ன மொடல் இருக்கு தம்பி” எண்டார். பிழை எங்களில் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. எங்களுக்கு அந்தக் கருத்து இல்லை.

கணக்கைப் பார்ப்போம். இங்கே வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பழைய வட்டத் துளைப் பிளக் 5 அம்பியர். இரண்டையும் பெருக்கினால் 1150 வொட். அந்தத் துளை தாங்குவது அவ்வளவுதான். எயார் ஃப்ரையர் பெரும்பாலும் 1400, 1500 வொட். மேசை ஓவனும் அதே அளவு. கேத்தல் அதையும் தாண்டும். அடப்டர் கம்பியின் வடிவத்தை மாற்றும்; சுவருக்குள் ஓடுகிற வயரின் பலத்தை மாற்றாது. சதுரத் துளை 13 அம்பியர் பிளக் எண்டால் 2990 வொட் வரை தாங்கும், உள்ளே வயரும் அதற்கேற்றதாக இருந்தால். ரைஸ் குக்கர் எல்லா அறைகளிலும் ராசாவாக இருப்பதன் ரகசியமும் இதுதான். சின்னக் குக்கர் 500, 600 வொட்டோடு அடங்கிவிடும்.

‘சிறிய குசினிக்கு ஏற்றது’ எண்டு விற்கிறார்களே, அவர்கள் அளப்பது மேசையில் பிடிக்கிற இடத்தை மட்டுந்தான். பெட்டியின் முன்பக்கத்தில் எத்தனை சமையல் முறை, எத்தனை லீற்றர் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். வொட் பின்பக்கத் தகட்டில், மூக்குக்கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் இருக்கும். மைக்ரோவேவில் இன்னொரு சுத்துமாத்து: முன்னால் 700 வொட் எண்டு இருப்பது சாப்பாட்டுக்குள் போகிற அளவு. சுவரிலிருந்து இழுப்பது 1000, 1200 வரை போகும்.

பில்லும் இருக்கு. ஒரு கிழங்கை ஓவனில் 200 பாகையில் முறையாகச் சுட ஒரு மணித்தியாலம் வேணும். ஓவன் இடையிடையே அணைந்து எரிந்தாலும் ஒரு யூனிற்றுக்குக் கிட்டப் போய்விடும். மைக்ரோவேவில் எட்டு நிமிடம். ஒரு யூனிற்றின் ஆறில் ஒரு பங்குகூட வராது. எங்கள் மின்கட்டணம் படி படியாக ஏறுவது: 60 யூனிற்றுக்குள் நிற்கிற வீட்டுக்கும் 180ஐத் தாண்டுகிற வீட்டுக்கும் யூனிற் விலை ஒண்டல்ல. மேல்வீடு, கீழ்வீடு, அனெக்ஸ் மூன்றுக்கும் ஒரே மீற்றர் எண்டால், எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் நாங்கள் மேல்படி விலைதான் கட்டுவோம். எந்த ‘சிக்கன’ இயந்திரமும் இதைத் திருத்தாது.

அப்ப கிழங்கு சாப்பிடக்கூடாதா? தாராளமாகச் சாப்பிடலாம். நுவரெலியாக் கிழங்கோ யாழ்ப்பாணக் கிழங்கோ, கைக்குள் அடங்குகிற, 200 கிராம் அளவு ஒண்டை எடுங்கோ. கழுவித் துடையுங்கோ, தோலில் ஈரம் இருந்தால் மொறுமொறுப்பு வராது. முள்ளுக்கரண்டியால் பத்து இடத்தில் குத்துங்கோ, இல்லாட்டி உள்ளே ஆவி அடைபட்டு வெடிக்கும். சரியான பிளக் இருந்தால் மைக்ரோவேவில் ஆறு முதல் எட்டு நிமிடம், நடுவில் ஒருதரம் பிரட்டி. இல்லாட்டி சோறு வேகும்போது குக்கரின் ஆவித்தட்டில் பாதியாய் வெட்டி வையுங்கோ. சோறு முடிந்தும் வேகாட்டி இன்னும் கொஞ்சநேரம் ஆவியில் விடுங்கோ. பிறகு அடிகனத்த தாச்சியில் துளி எண்ணெய், உப்பு, மிதமான நெருப்பு, பக்கத்துக்கு மூன்று நிமிடம். ஈயத்தாளில் சுற்றாதேங்கோ. சுற்றினால் அவிந்த கிழங்குதான் கிடைக்கும். நடுவைக் கீறிப் பிதுக்கி, சீனிச் சம்பலோ ரின்மீனோ வையுங்கோ. ஓவன் கிழங்குக்குச் சமமில்லை, உண்மைதான். ஆனால் சுவர் கருகாது.

“நாடு கிடக்கிற கிடையில கிழங்குக் கதையா?” எண்டு கேட்பீர்கள். 2022ஐ மறந்துவிட்டீர்களா? கேஸ் சிலிண்டரோடு வரிசையில் நின்றோம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. ஒரே ஒரு வழியில் மட்டும் சமைக்கத் தெரிந்த அறைகள் பிஸ்கட்டோடு படுத்தன. எங்கள் அம்மாமார் 90களில் கரண்டே இல்லாத யாழ்ப்பாணத்தில் விறகில் சமைத்தார்கள். வத்தாளங்கிழங்கைத் தணலில் புதைத்துச் சுட்டுத் தந்தார்கள். அதைப் பெருமையாகச் சொல்லி, “அப்படி இருந்த சனம், இப்ப என்ன?” எண்டு எங்களை அடக்குகிற பெரியவர்களோடும் எங்களுக்குக் கோபம் இருக்கு. அம்மாமார் புகையை விரும்பிக் குடிக்கவில்லை. வேறு வழி இருக்கவில்லை. வழியில்லாததைப் பண்பாடு ஆக்காதேங்கோ.

சின்னக் குசினிக்கு முதலில் வேண்டியவை கடையில் இல்லை. எர்த் உள்ள 13 அம்பியர் பிளக் ஒண்டு. வேலை செய்கிற ட்ரிப் சுவிட்ச். புகை போக ஒரு யன்னல். எங்கள் பாவனையைக் காட்டுகிற தனி மீற்றர். சமைக்கலாம் எண்ட அனுமதி. இதெல்லாம் இருந்தால் ஒரு குக்கர், ஒரு கனமான தாச்சி, 5 கிலோ சிலிண்டரோடு சின்ன அடுப்பு காணும். மூன்றாவது சாமான் வாங்க முதல் பெட்டியைத் திருப்பி வொட்டைப் படியுங்கோ.

நாங்கள் அந்த எயார் ஃப்ரையரைப் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டு, மேல்வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் போனோம். கருகின அடப்டரை மேசையில் வைத்தோம். பிளக் மாற்றச் சம்மதித்தார். மீற்றர் கதையை எடுத்ததும், “யோசிப்பம்” எண்டு எழும்பிவிட்டார். அடுத்த மாத வாடகையோடு திரும்பவும் போவோம். நீங்கள் அறை பார்க்கப் போனால், அட்வான்ஸ் குடுக்க முதல் குசினிச் சுவரை ஒருக்கால் பாருங்கோ. வட்டத் துளை எண்டால் அங்கேயே கேளுங்கோ. காசு கைமாறின பிறகு கேட்டால், “ஆர் உங்களை வாங்கச் சொன்னது” எண்டுதான் பதில் வரும்.