போனையும் விட்டுவைக்கலாம்



சிறு விமானம் ஓட்டுபவர்கள் ஃப்ளைட் பிளானை இணையத்தில் பதிவதே நல்லது என்பது என் கட்சி. போனில் விமானத்தின் பதிவெழுத்தைச் சொன்னால் ‘பி’யா, ‘டி’யா என்று மறுமுனை இரண்டு முறை கேட்கும். எழுத்தில் போனால் அந்தத் தொல்லை இல்லை.

அதற்காகப் போனை ஒழித்துவிடக் கூடாது. தாம்பரத்தில் விமானப்படைத் தளம், பக்கத்திலேயே மீனம்பாக்கம் விமான நிலையம். வான் பாதுகாப்பு அனுமதி எண் கைக்கு வராமல் இங்கிருந்து வெளியூருக்குக் கிளம்ப முடியாது. அது ஏன் தாமதம் என்று திரையிடமா கேட்பது?

ஃப்ளைட் பிளான் படிவத்தின் 19ஆம் கட்டத்தை நம்மில் பலர் ஏனோதானோவென்று நிரப்புகிறோம். எரிபொருள் எத்தனை மணி நேரம் தாங்கும், எத்தனை பேர், உயிர்காப்பு அங்கி உண்டா, விமானம் என்ன நிறம்: தேடிப் போகிறவர்களுக்கு இவைதான் பிடி. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து 29 பேருடன் போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப்படையின் ஏஎன்-32, வங்கக் கடலில் மறைந்தது. பள்ளிக்கரணை தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களால் சிதைவுகள் அடையாளம் தெரிந்தது 2024 ஜனவரியில்தான். போகும் பாதை தெரிந்த ராணுவ விமானத்துக்கே இந்த நிலை.

இணையப் பதிவில் 19ஆம் கட்டம் காலியாக இருந்தால் படிவம் நகரக் கூடாது. சந்தேகம் கேட்க, போனை எடுக்க ஓர் ஆளும் வேண்டும்.

வாசகர், சேலையூர்