கோடையே இல்லாத ஊரில் கோடைப் பள்ளி

எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் முடிவுகள் வந்துவிட்டால் போதும், "டாக்டர் சீட் கிடைக்கலன்னா அடுத்து என்ன சார்?" என்ற கேள்வி என்னைத் தேடி வந்துவிடும். இம்முறை கேட்டவர் ஜெலுத்தோங்கைச் சேர்ந்த ஓர் அம்மா. மகள் இயற்பியலில் கெட்டிக்காரி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணையவழிக் கோடைப் பள்ளியில் உயிர்மருத்துவ அறிவியலும் மருத்துவ இயற்பியலும் இரண்டு வாரம் படிக்க ஆசைப்படுகிறாள். "இதைப் படிச்சா வேலை கிடைக்குமா?" என்றார்.

கிடைக்காது என்றேன். ஆனாலும் வீண் என்று சொல்ல மாட்டேன்.

மருத்துவ இயற்பியலாளர் என்ன செய்கிறார் என்பது நம் வீடுகளில் பலருக்குத் தெரியாது. புற்றுநோய்க்கு 60 கிரே கதிர்வீச்சு தேவை என்று மருத்துவர் முடிவு செய்தால், அதை ஒரே நாளில் கொடுப்பதில்லை. நாளுக்கு 2 கிரே, வாரத்துக்கு 5 நாள் என 6 வாரம் கொடுப்பது வழக்கமான ஒரு முறை. இடைவெளியில் நல்ல செல்கள் தேறிக்கொள்ளும். அந்த அளவு கட்டியின் மீது சரியாக விழுகிறதா, பக்கத்தில் இருக்கும் தண்டுவடம் தப்புகிறதா என்று கணக்கிட்டு, இயந்திரத்தையும் அளந்து பார்ப்பவர் இயற்பியலாளர். தண்ணீர் நிரப்பிய தொட்டியில்தான் அளப்பார்கள். நம் தசையும் ஏறக்குறைய தண்ணீரைப் போலவே கதிரை ஏற்கிறது. கணக்கு பிசகினால் பாதிப்பு நோயாளிக்குத்தான்.

அதனால்தான் நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் வரும் தொழில்களில் இதுவும் ஒன்று. அங்கீகரிக்கப்பட்ட பட்டமும் பதிவும் வேண்டும். இரண்டு வாரச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது.

பிறகு எதற்குக் கோடைப் பள்ளி? மூன்று நான்கு ஆண்டுகளையும் பல்லாயிரம் ரிங்கிட்டையும் செலவிடுவதற்கு முன், இந்தத் துறை நம் பிள்ளைக்குப் பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள. அந்த ஒரு பயனே பெரிது.

நேரத்தையும் பாருங்கள். லண்டனில் கோடைக்காலப் பிற்பகல் 2 மணி என்றால் பினாங்கில் இரவு 9. அங்கே மாலை 5 மணி வகுப்பு இங்கே நள்ளிரவு. மறுநாள் காலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு இது சுமை.

காசு இல்லையென்றாலும் வழி உண்டு. வியன்னாவில் உள்ள அனைத்துலக அணுசக்தி முகமையின் மனித சுகாதார இணையத்தளத்தில் இத்துறைப் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பட்டப்படிப்புக்கும் கடல் தாண்ட வேண்டியதில்லை. மிண்டெனில் உள்ள யுஎஸ்எம் இயற்பியல் பள்ளியில் மருத்துவ இயற்பியல் இருக்கிறது. உயிர்மருத்துவம் படிக்க, கிளந்தான் குபாங் கெரியானில் அதே பல்கலைக்கழகத்தின் சுகாதார வளாகம் இருக்கிறது. முதுகலைக்கு மலாயா பல்கலைக்கழகம் உண்டு.

இணையவழிப் பள்ளிக்குப் பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்புங்கள். பாடம் நடத்துபவர் அந்தப் பல்கலைக்கழக விரிவுரையாளர்தானா? வகுப்பு நேரலையா, பதிவா. சந்தேகம் கேட்க முடியுமா? கிடைப்பது வெறும் வருகைச் சான்றிதழா, பட்டப்படிப்பில் சேரும் மதிப்பெண் புள்ளியா?

ஒரு வாரத்தில் தெளிவான பதில் வராவிட்டால் அந்தப் பணத்தைப் பிள்ளையின் பட்டப்படிப்புக்கு எடுத்து வையுங்கள்.