உங்க லிஸ்ட்ல சென்ட்ரலுக்கு வடக்கே ஏன் ஒண்ணுமே இல்ல?

செமஸ்டர் ரிசல்ட் வந்தாச்சு. பிளேஸ்மென்ட்டில் ரெண்டு பேருக்கு ஆஃபரும் வந்தாச்சு. அடுத்து கிளாஸ் குரூப்பில் வரும் முதல் கேள்வி என்ன? "ட்ரீட் எங்க மச்சி?" உடனே ஒருத்தர் இன்ஸ்டாவில் சேவ் பண்ணி வச்ச ரீலைத் தட்டி விடுவார். சென்னையில் கட்டாயம் போக வேண்டிய பத்து இடங்கள்! அந்தப் பத்தையும் ஒரு தடவை மேப்பில் போட்டுப் பாருங்க. நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டை, அடையாறு, வேளச்சேரி, ஓ.எம்.ஆர்., ஈ.சி.ஆர். வடக்கே மிஞ்சிப் போனால் சௌகார்பேட்டையில் ஒரு சாட் கடை. அதோடு சென்னை முடிஞ்சு போச்சு.

நான் சாத்தாங்காட்டுக்காரன். "அது எங்கடா இருக்கு?" என்று கேட்பீர்கள், பரவாயில்லை. திருவொற்றியூருக்கும் மணலிக்கும் நடுவில். பாரிமுனைப் பக்கம் நெரிசலில் இருந்த இரும்பு வியாபாரத்தை வெளியே கொண்டுவர சி.எம்.டி.ஏ. அமைத்த இரும்பு எஃகு மார்க்கெட் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. நீங்க உட்கார்ந்து கோல்ட் காபி குடிக்கிற ரூஃப்டாப்பைத் தாங்கும் கம்பி எங்கள் ரோடு வழியாகப் போயிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 2011ல் திருவொற்றியூரும் மணலியும் மாநகராட்சியோடு சேர்ந்தன. காகிதத்தில் நாங்களும் சென்னைதான். லிஸ்ட்டில்தான் இன்னும் சேரவில்லை.

"லிஸ்ட்டுங்கறது டேஸ்ட் சம்பந்தப்பட்ட விஷயம், நல்ல கடை இருந்தா வரும்" என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மேப்பை நாக்கு வரையவில்லை. சட்டமும் காசும் பழக்கமும் சேர்ந்து வரைந்தது. எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் பார், கிளப் விஷயம். பெங்களூரு போய் வந்த பசங்க எல்லாம் கேட்கும் கேள்வி: "அங்க தெருவுக்குத் தெரு பப் இருக்கு, இங்க ஏன் இல்ல?" காரணம் எளிது. தமிழ்நாட்டில் சும்மா ஒரு கட்டடம் பிடித்து பப் திறக்க முடியாது. நட்சத்திர ஹோட்டல் மாதிரி, தங்கும் அறைகள் உள்ள ஹோட்டலுக்குத்தான் பார் உரிமம். உறுப்பினர் கிளப்களுக்குத் தனி உரிமம். சில்லறை மது விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில். அதனால்தான் சென்னையில் பேர் வாங்கிய இடங்களின் முகவரியைப் பார்த்தால் எல்லாமே ஏதோ ஒரு ஹோட்டலுக்குள் இருக்கும். 'பாஷா' இருப்பது பழைய ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் நிற்கும் தி பார்க் ஹோட்டலில். 'பைக் அண்ட் பேரல்' இருப்பது தி.நகர் ரெசிடென்சி டவர்ஸில்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. நட்சத்திர ஹோட்டலை எங்கே கட்டுவார்கள்? கம்பெனி வேலையாக வருகிறவர்கள் தங்கும் இடத்தில். அமோனியா வாசனையும் கன்டெய்னர் லாரி வரிசையும் இருக்கும் ரோட்டில் எவர் கட்டுவார்? ஆக, ஹோட்டல் இல்லாத பக்கம் மியூசிக்கோடு வெளிச்சத்தில் உட்காரும் இடமும் வராது. வருவது டாஸ்மாக் மட்டும்தான். அதே பாட்டில், அதே அரசாங்கம். அங்கே குடித்தால் 'நைட் லைஃப்', இங்கே குடித்தால் 'ஏரியா சரியில்ல'. குடிங்கன்னு நான் யாருக்கும் சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் 21 வயசு ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம், நம்மில் பாதிப் பேர் அந்த வயசைத் தொடவே இல்லை. கெட்ட பேர் எப்படிப் பங்கு பிரிக்கப்படுகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

அடுத்து காசு. ட்ரீட் முடிந்து பில் வந்ததும் எல்லாரும் போனில் கால்குலேட்டர் திறப்போமே, அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். சாப்பாடு 1000 ரூபாய் என்று வையுங்க. 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் என்று 100 சேர்ப்பார்கள். மொத்தம் 1100க்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி., 55 ரூபாய். ஆகமொத்தம் 1155. ஒரு நாள் அறை வாடகை 7500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரன்ட் என்றால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அப்போது அதே சாப்பாடு 1298.

இதில் ஜி.எஸ்.டி. கட்டித்தான் ஆகணும். சர்வீஸ் சார்ஜ் அப்படி இல்லை. அதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஹோட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பு சொன்னது. எனவே "சர்வீஸ் சார்ஜை எடுத்துடுங்க அண்ணா" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பரிமாறினவருக்குக் கொடுக்கணும் என்று தோன்றினால் அவர் கையிலேயே கொடுங்க.

ஆனால் பில் வந்த பிறகு சிக்கனம் பார்ப்பது ஒரு பக்கம். பில்லே வேண்டாம் என்று முன்னாடியே ஒதுங்கிப் போகிறவர் இன்னொரு பக்கம். உங்க கிளாஸிலும் இருப்பார். ஒவ்வொரு ட்ரீட்டுக்கும் அவருக்கு மட்டும் காய்ச்சல் வரும், ஊருக்குப் போகணும், சித்தி பொண்ணுக்குக் கல்யாணம். நாலு வருஷத்தில் எத்தனை சித்தி பொண்ணுங்க! யாரும் அவரை வராதே என்று சொல்லவில்லைதான். இடத்தை முடிவு பண்ணும்போதே அது நடந்து முடிந்துவிடுகிறது. கூட வராதவர் அடுத்த நாள் பேசும் ஜோக்கிலும் இருக்க மாட்டார், போட்டோவிலும் இருக்க மாட்டார், கொஞ்ச நாளில் ப்ராஜெக்ட் டீமிலும் இருக்க மாட்டார். வெறும் சாப்பாட்டு விஷயம் என்று இதை என்னால் தள்ள முடியவில்லை.

மூணாவது, வாசலில் நிற்பவர். சாப்பிடும் இடத்தில் யாருக்கு இடம் என்ற சண்டை நம்ம ஊருக்குப் புதுசு கிடையாது. 1957ல் திருவல்லிக்கேணி முரளி கஃபே பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி பெரியார் மறியல் போராட்டம் நடத்தினார். ஒரு ஹோட்டல் போர்டுக்காக ஆட்கள் ஜெயிலுக்குப் போன ஊர் இது.

அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 2014 ஜூலையில், வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே சேப்பாக்கத்தில் உள்ள கிரிக்கெட் சங்க கிளப்பில் உள்ளே விடவில்லை. அவர் வந்தது ஒரு புத்தக வெளியீட்டு விழாவுக்கு. விஷயம் சட்டசபை வரை போய், அடுத்த மாதமே சட்டம் வந்தது. வேட்டி கட்டியவரைத் தடுத்தால் கிளப்பின் உரிமம் ரத்து, ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். நல்ல சட்டம். ஆனால் நீதிபதிக்கு நடந்ததால் வந்த சட்டம். மீன் ஏலம் முடித்துவிட்டு லுங்கியோடு வரும் காசிமேட்டு அப்பாவுக்கோ, ஷூ இல்லாமல் செருப்பு போட்டு வரும் நம்ம கிளாஸ்மேட்டுக்கோ எந்தச் சட்டமும் இல்லை. அவர்களைத் தடுக்க வாசலில் ஆள்கூட வேண்டாம். கண்ணாடிக் கதவைப் பார்த்ததும் தாமே திரும்பிப் போய்விடுவார்கள்.

சரி, வடக்கே என்னதான் இருக்கு என்று கேட்கிறீர்களா? வாங்க.

கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி செகண்ட் லைன் பீச் பக்கம் நடந்தால் அத்தோ கடைகள். 1960களில் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடை கண்ணி எல்லாம் அரசுடைமை ஆகி, பல தலைமுறையாக அங்கே இருந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பல் ஏறி வந்தார்கள். அப்படி வந்தவர்கள் பிழைக்கப் போட்ட கடைகள்தான் பர்மா பஜார். அவர்கள் மூட்டையோடு வந்த இன்னொன்று அத்தோ. நூடுல்ஸில் கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு, புளித் தண்ணீர், மிளகாய்த் தூள் போட்டுக் கையாலேயே பிசைந்து, மொறுமொறு பேஜோவை உடைத்துப் போட்டுத் தருவார்கள். கூட வாழைத்தண்டு சூப். நடுவில் கீறி வறுத்த வெங்காயம் அடைத்த மசாலா முட்டை தனி. அழகான பெரிய ரெஸ்டாரன்ட்டில் 'பர்மீஸ் கவ்சுவே' என்று மெனுவில் பார்த்து ஆசையாக ஆர்டர் பண்ணுகிறோமே, அந்தச் சாப்பாட்டின் உறவுக்காரர்கள் அறுபது வருஷமாக இங்கே ரோட்டோரத்தில் நிற்கிறார்கள்.

இன்னும் வடக்கே வாங்க. 1856ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷன். அதைத் தாண்டினால் காசிமேடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே இருக்கும் கூட்டமும் சத்தமும் எந்த டிஜே நைட்டுக்கும் குறைந்ததில்லை. தெற்கே மெனுவில் 'கேட்ச் ஆஃப் தி டே' என்று எழுதி விலை போடாமல் விடும் மீனில் எவ்வளவோ இங்கேதான் கரை இறங்குகிறது. ஒன்று மட்டும் நினைவில் வையுங்க: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது வந்து "மீன் விலை இவ்வளவா?" என்று கேட்காதீங்க. அப்புறம் திருவொற்றியூர் தேரடி. சாயங்காலம் சூப்பு, பஜ்ஜி, போளி. எங்கள் சாத்தாங்காட்டில் லாரிக்காரர்களுக்காக விடிய விடிய அடுப்பு எரியும் டீக்கடைகள். நைட் லைஃப் என்றால் ராத்திரியில் ஊர் விழித்திருப்பது என்று அர்த்தம் எடுத்துக்கொண்டால், எங்கள் ரோடு தூங்கி நான் பார்த்ததில்லை.

வழி தெரியாது என்ற சாக்கும் இப்போது இல்லை. 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையில் இருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டது. ஏர்போர்ட்டில் ஏறினால் வண்டி மாறாமல் திருவொற்றியூர் வரலாம்.

எல்லாம் இங்கே சொர்க்கம் என்று கதை விட நான் தயார் இல்லை. வடசென்னையில் உண்மையிலேயே ஒரு குறை இருக்கிறது. உட்கார இடம் கிடையாது. சாப்பிட்டுவிட்டு நகர்ந்துகொண்டே இருக்கணும். ராத்திரி ஒன்பது மணிக்கு நாலு பெண்கள் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசுவதற்கு சாத்தாங்காட்டில் ஓர் இடம் காட்டுங்க பார்க்கலாம். சுத்தமான டாய்லெட்? கேட்கவே வேண்டாம். தெற்கே காபிக்கு முந்நூறு ரூபாய் கொடுப்பது காபிக்காக இல்லை. ஏ.சி., வெளிச்சம், டாய்லெட், யாரும் முறைக்காத ரெண்டு மணி நேரம், இதுக்கெல்லாம் சேர்த்துத்தான். அடிப்படையில் மாநகராட்சி எல்லாருக்கும் தர வேண்டியதை, தென்சென்னை காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறது. எங்களுக்கு வாங்கக்கூடக் கடை இல்லை.

கடற்கரையாவது இருக்கே என்பீர்கள். அரிப்பு தின்றதுபோக மிச்சம் இருப்பது பல இடங்களில் கருங்கல் குவியல். எண்ணூர் ஒரு காலத்தில் மதராஸ் வெள்ளைக்காரர்கள் ஏரிக்கரையில் பங்களா கட்டி, படகு விட்டு, ஓய்வெடுத்த இடம். அதாவது அந்தக் காலத்து ஈ.சி.ஆர்.! 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து அதே எண்ணூர் முகத்துவாரம் கறுத்துப் போனது. மீனவர்கள் படகிலும் வலையிலும் அப்பிய எண்ணெயைச் சுரண்டிக்கொண்டு இருந்தார்கள். அந்த மாதக் கடைசியிலேயே அமோனியாக் கசிவு. நகரத்துக்கு கரண்டும் பெட்ரோலும் உரமும் செய்யும் இடத்தை நகரம் லிஸ்ட்டில் போடாது. போட்டால் வந்து பார்க்கணும், பார்த்தால் கேள்வி கேட்கணும்.

அதனால்தான் கேட்கிறேன், வந்து பாருங்க. ஆனால் 'வட சென்னை' படம் பார்த்துவிட்டு அரிவாளைத் தேடுகிற மாதிரி வராதீங்க. "ஏரியா வைப்" என்று கேப்ஷன் போட்டு, மீன் அலசும் அக்காவை அவங்க அனுமதி இல்லாமல் வீடியோ எடுக்காதீங்க. காசு கொடுத்துச் சாப்பிடுங்க, பேர் கேளுங்க, நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்லுங்க. அது போதும்.

வடசென்னைப் பசங்களுக்கும் ஒரு வார்த்தை. ஊர் எது என்று கேட்டால் "சென்ட்ரல் பக்கம்" என்று மழுப்பும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கு. அட்ரஸ் சொன்னால் முகம் மாறும் என்ற பயம்தான். மாறட்டும். நம்ம தெரு டீக்கடையை நாமே லிஸ்ட்டில் போடாமல் வேற யார் போடுவார்? அதோடு, வார்டு கவுன்சிலரிடம் போய் ஒரு பார்க், ஒரு டாய்லெட், ராத்திரி எரியும் நாலு லைட் என்று கேட்க நமக்கு ரீல்ஸ் தேவையில்லை, ஒரு மனு போதும்.

கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த ட்ரீட்டுக்கு குரூப்பில் போல் போடும்போது, இடத்தின் பேரைப் போடுவதற்கு முன்னாடி தொகையைப் போடுங்க. "ஒருத்தருக்கு 150க்குள்ள எங்க போகலாம்?" என்று கேட்டுப் பாருங்க. அந்தக் காய்ச்சல்காரர்தான் முதல் ஆளாக இடம் சொல்லுவார். அந்த இடம் அநேகமாக சென்ட்ரலுக்கு வடக்கேதான் இருக்கும்.