ஓட்டியது யார்?

திருச்சூரிலிருந்து இரவில் கிளம்பிய இன்னோவா கார், திருவனந்தபுரத்தை நெருங்கும் வேளையில், பள்ளிப்புறத்தில் சாலையோர மரத்தில் மோதியது. 2018 செப்டம்பர் 25, விடியற்காலை. இரண்டு வயது மகள் இறந்தாள். தந்தை, வயலின் கலைஞர் பாலபாஸ்கர், ஒரு வாரம் மருத்துவமனையில் போராடி அக்டோபர் 2ஆம் தேதி இறந்தார். மனைவியும் டிரைவரும் படுகாயங்களுடன் பிழைத்தார்கள்.

இந்த மரணத்தைப் பற்றிக் கேரளத்தில் கிளம்பிய சந்தேகங்கள் ஏராளம். அவை இங்கே வேண்டாம். நஷ்டஈட்டுச் சட்டம் கேட்பது ஒரே கேள்விதான்: வண்டியை ஓட்டியது யார்? பாலபாஸ்கர் என்றார் டிரைவர். நஷ்டஈடு கேட்டு தீர்ப்பாயத்துக்கும் போனார். டிரைவர்தான் என்றார் மனைவி. கேரள கிரைம் பிராஞ்சும் பிறகு சி.பி.ஐ.யும் மனைவி சொன்னதே சரி என்ற முடிவுக்கு வந்தன.

ஸ்டியரிங் பின்னால் இருப்பவருக்கும் பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் இடையே இரண்டடி தூரம்கூட இல்லை. சட்டத்தில் அது மலைக்கும் மடுவுக்குமான தூரம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆவது பிரிவில் வழக்குப் போட்டால், இன்னொருவரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். தன் தவறால் தானே விபத்துக்குள்ளானவரின் குடும்பம் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். கர்நாடகத்தில் 2014இல் நடந்த அப்படியொரு விபத்தில், 80 லட்சம் கேட்ட குடும்பத்துக்கு 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது.

சொந்த வண்டியை ஓட்டுபவருக்கு மிஞ்சுவது பாலிசியில் இருக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு. பாலபாஸ்கர் விபத்துக்கு ஐந்து நாள் முன்புதான் இன்சூரன்ஸ் கட்டுப்பாட்டு ஆணையம் அதை 15 லட்சமாக உயர்த்தியது. அதற்கு முன் காருக்கு 2 லட்சம், ஸ்கூட்டருக்கு 1 லட்சம்!

காரில் சும்மா உட்கார்ந்து வருபவர்கள் நிம்மதியாக இருக்கலாமா? அதுவும் பாலிசியைப் பொறுத்தது. பிரீமியத்தை மிச்சம் பிடிக்க வெறும் 'தேர்டு பார்ட்டி' மட்டும் எடுத்திருந்தால், சொந்தக் காரில் வரும் மனைவி மக்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல. முழு பாலிசி என்றால் பொறுப்பு உண்டு. பாலிசியை விற்கும்போது இதை வாய்விட்டுச் சொல்லும் ஏஜெண்டை நான் இன்னும் சந்திக்கவில்லை.

திருவனந்தபுரத்தில் அடிபடும் நாகர்கோவில்காரர் வழக்குக்காக அங்கேயே அலைய வேண்டியதில்லை. தான் வசிக்கும் ஊர் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். ஆனால் ஆறு மாதக் கெடு உண்டு. 1994இல் எடுத்துவிட்ட இந்தக் கெடுவை 2019 திருத்தம் மறுபடி கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் முதல் அமல். இதைக் காட்டி மனுக்களைத் தள்ளக்கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. இடைக்காலம்தான், அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் அவசரத்தில் யாரோ ஒருவர் "ஸ்கூட்டரிலிருந்து விழுந்துட்டார்" என்று சொல்வார். டாக்டர் அதையே விபத்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். இடித்துவிட்டுப் போன லாரி அதில் இருக்காது. இரண்டு வருஷம் கழித்து, இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த ஒற்றை வரியைத்தான்.