வாடகையா, வழிப்பறியா?



மயிலாப்பூரில் வீடு வீடாகப் பாத்திரம் தேய்ப்பவர் யார்? தியாகராய நகர் ஜவுளிக் கடையில் விடிந்தது முதல் புடவை விரித்துக் காட்டுபவர் யார்? அடையாறு பங்களா வாசலில் இரவெல்லாம் கண் விழிப்பவர் யார்? உங்கள் அக்காள் தங்கைகள், உங்கள் பிள்ளைகள்! அவர்களுடைய உழைப்பு அந்தப் பேட்டைகளுக்கு வேண்டும்; அவர்கள் தலை சாய்க்க அங்கே ஓர் அறை மட்டும் கிடையாது.

கடைச் சிப்பந்திகளுக்கு உட்கார உரிமை உண்டு என்று 2021இல் தமிழகச் சட்டமன்றம் சட்டம் செய்தது. நல்லது, வரவேற்கிறோம். உட்கார நாற்காலி வந்தது. படுக்க இடம் எங்கே?

பழைய ஒண்டுக்குடித்தன வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் எழுகின்றன. மிச்சமிருக்கும் ஒற்றை அறைக்குப் போய் நின்றால், "என்ன சாதி?" என்பது முதல் கேள்வி. "சைவமா?" என்பது இரண்டாவது. "பத்து மாத அட்வான்ஸ் இருக்கிறதா?" என்பது மூன்றாவது. வாடகை பத்தாயிரம் என்றால் முன்பணம் ஒரு லட்சம்! மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது சட்டம். ஆனால் சட்டத்தைச் சொல்லிக் கேட்டவனுக்கு வீடு கிடைக்குமா?

1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் குறைகள் இருந்தன. ஆயினும் 'நியாய வாடகை' என்ற சொல் அதில் இருந்தது. அதைக் கோரி வழக்காட வழி இருந்தது. 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புதுச் சட்டம் அதை ஒழித்துவிட்டது. இன்று வாடகை என்பது இரு தரப்பும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகையாம்! பத்து வீட்டுக்குச் சொந்தக்காரனும், மூட்டை முடிச்சோடு தெருவில் நிற்பவனும் பேசினால் யார் சொல் எடுபடும்?

விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கு இந்த நியாயம் புதிதல்ல. கூலி உயர்வு கேட்டால் "குடிசையைக் காலி செய்" என்று மிராசுதார் மிரட்டிய காலம் மறந்துவிடவில்லை. அந்த மிரட்டலை எதிர்த்து நின்றதால்தான் 1971இல் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்கும் சட்டம் வந்தது. கிராமத்தில் வென்ற நியாயம் பட்டணத்தில் ஏன் தோற்க வேண்டும்?

வாடகை கொடுக்க முடியாதவர்கள் ஆற்றோரத்திலும் கால்வாய் ஓரத்திலும் குடிசை போட்டார்கள். அங்கிருந்தும் துரத்தினார்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது, முதியவர் ஒருவர் தீக்குளித்து உயிரை விட்டார். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே குடியேற்றினால், வேலைக்குப் போகும் பஸ் செலவு யார் தலையில்? இது வீட்டுப் பிரச்னையைத் தீர்ப்பதல்ல. கண்ணுக்கு மறைவாக ஒதுக்கித் தள்ளுவது!

"ஊருக்குள் இடமேது?" என்கிறார்கள். 1920-களில் நீண்ட ஏரியைத் தூர்த்து மனைகளாக்கித் தியாகராய நகரை உண்டாக்கியது சர்க்கார்தான். 1970-களில் நொச்சிக்குப்பத்தில், குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டியது குடிசை மாற்று வாரியம். அன்று கிடைத்த இடம் இன்று எங்கே போயிற்று?

"பணமேது?" என்கிறார்கள். முதல் உலக யுத்தத்தில் நொடிந்துபோன வியன்னா நகரம், 1923இல் வீட்டு வரி விதித்தது. மாளிகைக்காரன் அதிகம் கொடுத்தான், தொழிலாளி கொஞ்சம் கொடுத்தான். அந்தப் பணத்தில் எழுந்த கார்ல் மார்க்ஸ் குடியிருப்பில் மட்டும் 1,382 வீடுகள். 1930இல் திறப்பு விழா. இன்றும் அந்த நகராட்சிக்கு 2 லட்சத்துக்கு மேற்பட்ட வாடகை வீடுகள் சொந்தம். குறைந்தது பணமல்ல, மனம்!

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். பின்கட்டில் ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டு மருந்துச் செலவைச் சரிக்கட்டும் முதியவர் நமக்கு எதிரியல்ல. வீட்டைப் பதுக்கல் சரக்காக்கி விலையேற்றும் கூட்டமே எதிரி.

ஆகவே கேட்கிறோம்: நியாய வாடகையை மீண்டும் சட்டமாக்கு! மூன்று மாதத்துக்கு மேல் முன்பணம் வாங்குவோரைத் தண்டி! சாதி கேட்டு வீடு மறுப்பதைக் குற்றமாக்கு! வேலை செய்யும் பேட்டையிலேயே சர்க்கார் வாடகை வீடு கட்டு!

பட்டணத்தைக் கட்டிய கைகளுக்குப் பட்டணத்தில் ஒரு கதவுச் சாவி வேண்டும். சங்கம் சங்கமாகத் திரண்டு கேட்போம். கிடைக்கும் வரை ஓயோம்!